நெருப்புக்கோழி கண் சுரப்பி: மைக்ராஸ்கோப்புல திசு பார்க்கிறவங்ககிட்ட இருந்து வந்த கேள்விகளும் பதிலும்

கே: நெருப்புக்கோழிக்கு கண்ணுல எத்தனை சுரப்பி?

ப: முக்கியமானது ரெண்டு. வெளி ஓரத்துல லாக்ரிமல் (கண்ணீர் சுரப்பி), மூக்குப் பக்கமா கண்ணுக்குப் பின்னாடி ஹார்டேரியன். இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கிற மெய்போமியன் கிளாண்டைத் தேடாதீங்க, பறவைக்கு அது கிடையாது.

கே: ஹார்டேரியன்ல கொழுப்புத் துளியும் இல்ல, போர்ஃபிரின்ங்கிற நிறமியும் இல்ல. ஸ்டெய்ன் (சாயம்) தப்பா?

ப: நீங்க படிச்சது எலி கிளாண்ட். பறவையில தேட வேண்டியது மியூசின்ங்கிற வழவழப்புப் பொருள், அதுக்கு பிஏஎஸ், ஆல்சியன் ப்ளூன்னு ரெண்டு சாயமும் போட்டுப் பாருங்க. சீவுறதுக்காக பாரஃபின் மெழுகுல பதிச்சா கொழுப்பு எப்படியும் கரைஞ்சு போயிடும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க.

கே: அசினஸுக்கு (சுரக்கிற செல் கொத்து) நடுவுல ஃபுல்லா பிளாஸ்மா செல். க்ரானிக் இன்ஃப்ளமேஷன் (நாள்பட்ட வீக்கம்)னு ரிப்போர்ட் எழுதவா?

ப: எழுதவே எழுதாதீங்க! இந்தத் தப்பு எத்தனை ரிப்போர்ட்ல வருது தெரியுமா, நல்லா இருக்கிற கிளாண்டுக்கு நோய்னு பேர் வச்சிடுறாங்க, அப்புறம் பண்ணைக்காரர் மருந்துக்கு அலையுறார். பறவையில ஹார்டேரியன் கண்ணீருக்கு மட்டும் இல்லங்க, எதிர்ப்புசக்திக்கும் அதுதான் இடம், பர்சாங்கிற எதிர்ப்புசக்தி உறுப்புல இருந்து வர்ற பி செல் (ஒரு வகை வெள்ளை அணு) இங்க வந்து தங்கி பிளாஸ்மா செல்லா மாறி ஆன்டிபாடி சுரக்குது, கோழிக்குஞ்சுக்கு கண்ணுல சொட்டு வேக்சின் விடுறதே இதை நம்பித்தான். பிளாஸ்மா செல்லுக்கு அடையாளம் இது: ஓரமா ஒதுங்கின நியூக்ளியஸ், அதுல வண்டிச்சக்கரம் மாதிரி குரோமாட்டின் (டிஎன்ஏ திரள்), பக்கத்துலயே வெளிறின ஒரு திட்டு, அது கோல்ஜி, சுரக்க வேண்டியதை செல் தயார் பண்ற இடம். சிலதுல சைட்டோபிளாசம் முழுக்க சிவப்பு உருண்டையா ரஸ்ஸல் பாடி இருக்கும், அதுவும் நோய் இல்ல, வெளிய போகாம தேங்கின ஆன்டிபாடி. வீக்கம்னு சொல்லணும்னா ஹெட்டரோஃபில் (பறவையோட ஒரு வகை வெள்ளை அணு) வேணும், எபிதீலியம் (சுரப்பியோட உள்வரிச் செல்) செத்திருக்கணும், டக்டுக்குள்ள (சுரப்பிக் குழாய்) கசடு இருக்கணும். இது எதுவும் இல்லாம வெறும் பிளாஸ்மா செல்ல வச்சு எழுதாதீங்க.

கே: போட்டோ அனுப்பியிருக்கேன், இது என்ன செல்?

ப: எந்த சுரப்பி, என்ன ஸ்டெய்ன், எத்தனை எக்ஸ் பெரிசாக்கினது, பறவைக்கு என்ன வயசு, ஒண்ணுமே எழுதல. நான் எதை வச்சு சொல்றது? எழுதி திரும்ப அனுப்புங்க.

கே: ஹார்டேரியன்னு பேர் வந்த அந்த ஹார்டர் யாரு?

ப: சுவிஸ் டாக்டர் யோஹான் யாகோப் ஹார்டர், 1694ல மான்ல இந்தச் சுரப்பியை விவரிச்சார்.

கே: செத்த பறவையோட தலை ஃப்ரீசர்ல இருக்கு, செக்‌ஷன் போடலாமா, அதாவது மெல்லிசா சீவிப் பார்க்கலாமா?

ப: ஐஸ் படிகம் செல்லைக் கிழிச்சிருக்கும், வேண்டாம். திரும்பத் திரும்ப சொல்றேன், சாம்பிள் ஃப்ரெஷ்ஷா எடுங்க, அரை சென்டிமீட்டருக்கு மேல தடிமன் வேண்டாம், சாம்பிளைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் (திசு கெடாம வைக்கிற திரவம்) ஊத்துங்க. முழுத் தலையையும் ஃபார்மலின்ல முக்கி வச்சா கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற கிளாண்டுக்கு அது போய்ச் சேர்றதுக்குள்ள அழுகிடும். கிளாண்டை வெட்டி எடுத்துட்டுப் போடுங்க.