பதில்: டம்ப்பை ஏற்றும்போது ‘பைனரி மோட்’ பிழை

வணக்கம் நண்பரே. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் நகல் கோப்பான டம்ப்பைப் புதுக் கணினியில் ஏற்றினால் ‘பைனரி மோட்’ கேட்டு நின்றுவிடுகிறது, கோப்பும் இரு மடங்கு பெரிதாக இருக்கிறது என்கிறீர்கள். அந்த ஆப்ஷனைப் போட்டாலும் தீராது.

விண்டோஸ் பவர்ஷெல் 5.1 என்ற கட்டளைச் சாளரத்தில் > குறி போட்டு டம்ப் எடுத்திருப்பீர்கள். அது கோப்பை யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் எழுதிவிடும். ஒவ்வோர் ஆங்கில எழுத்தின் பின்னாலும் ஒரு பூஜ்ய பைட் ஒட்டிக்கொள்ளும். நோட்பேடில் திறந்தால் கீழே வலது மூலையிலேயே தெரியும். அதை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் பிழை போய்விடும், ஆனால் உள்ளே இருக்கும் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சிதைந்திருக்கும். எனக்கு அதுதான் கவலை.

பழைய சர்வரைத் தயவுசெய்து இன்னும் அழிக்காதீர்கள். மறுபடி டம்ப் எடுங்கள். இந்த முறை > வேண்டாம், ‘ரிசல்ட்-ஃபைல்’ ஆப்ஷனில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். டேபிள்கள் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் ஒரு சேமிப்பு முறை) வகை என்றால் ‘சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்’ சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் நின்றிருக்கிறது.

அப்புறம், ஏற்றும்போது பவர்ஷெல்லில் < குறி வேலை செய்யாது. கேரக்டர்செட்டை (எழுத்துக் குறியாக்கத்தை) யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுத்து மைஎஸ்கியூஎல்லுக்குள் போய், ‘சோர்ஸ்’ கட்டளையால் ஏற்றுங்கள். பாதையில் / போடுங்கள், \ வேண்டாம். ஏற்றியதும் தமிழ்ப் பெயருள்ள ஒரு வரிசையை எடுத்துப் பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள்.