அரசே நடத்தும் சித்திரவதையை எதிர்த்து, கண்டன அறிக்கை விடுவதைத் தாண்டி மதத் தலைவர்கள் உருப்படியாக எதையாவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். பிரேசிலை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஆதாரம் கிடைத்த இடமே ராணுவத்தின் சொந்தக் கோப்பறைதான்.

1964 முதல் 1985 வரை அங்கே ராணுவ ஆட்சி. அரசியல் கைதிகளை ராணுவ நீதிமன்றங்கள் விசாரித்தன. 'மின்சாரம் பாய்ச்சித்தான் கையெழுத்து வாங்கினார்கள்' என்று கைதிகள் பலர் நீதிபதி முன்பே சொன்னார்கள். சிலர் அதிகாரியின் பெயரையும் சொன்னார்கள். நீதிமன்றம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் நடைமுறைப்படி எல்லாம் எழுத்தில் பதிவாகிக் கோப்பில் ஏறியது.

1979-ல் அரசியல் குற்றங்களை மன்னிக்கும் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. கைதிகளுக்கு மன்னிப்பு கேட்கும் மனு தயாரிப்பதற்காக, தலைநகர் பிரேசிலியாவில் உள்ள உயர் ராணுவ நீதிமன்றத்திலிருந்து வழக்கறிஞர்கள் ஒரு கோப்பை 24 மணி நேரம் வெளியே எடுத்துப் போக முடிந்தது. சாவோ பாவ்லோ நகரின் கத்தோலிக்கக் கார்டினல் பாவ்லோ எவாரிஸ்டோ ஆர்ன்ஸும் பிரஸ்பிட்டேரியன் போதகர் ஜைமே ரைட்டும் வழக்கறிஞர்களோடு சேர்ந்து பிடித்துக்கொண்டது இந்த வழியைத்தான். (ரைட்டின் தம்பி பாவ்லோ 1973-ல் பிடித்துச் செல்லப்பட்டு, திரும்பி வரவே இல்லை.) வாடகைக்கு ஜெராக்ஸ் இயந்திரங்கள் வைத்து, கெடு முடிவதற்குள் கோப்பை நகலெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்படியே 707 வழக்குகள் முழுமையாகச் சேர்ந்தன. 10 லட்சத்துக்கும் மேல் பக்கங்கள். செலவுக்குப் பணம் ஜெனீவாவில் உள்ள உலகத் திருச்சபைகள் மன்றத்திலிருந்து வந்தது. காகிதம் பறிமுதலானாலும் ஆதாரம் பிழைக்க வேண்டும் என்று மைக்ரோஃபிலிமாக (சிறிய படச்சுருளாக) எடுத்து நாட்டுக்கு வெளியே அனுப்பினார்கள்.

சித்திரவதை பற்றிய பக்கங்களை மட்டும் பொறுக்காமல் முழுக் கோப்பையும் எடுத்ததுதான் இதில் மிகப் பெரிய புத்திசாலித்தனம் என்பேன். பொறுக்கி எடுத்திருந்தால் 'ஜோடித்தது' என்று தள்ளிவிடுவார்கள். முழுக் கோப்பில் தேதி, வழக்கு எண், நீதிமன்ற முத்திரை எல்லாம் இருக்கும். மறுப்பதென்றால் ராணுவம் தன் ஆவணத்தையே மறுக்க வேண்டும்.

ஆட்சி மாறிய நான்கே மாதத்தில், 1985 ஜூலையில், 'பிரேசில்: இனி ஒருபோதும் வேண்டாம்' என்ற நூலாக இது வெளிவந்தது. உழைத்தவர்கள் யார் பெயரும் அதில் இல்லை. சாவோ பாவ்லோ உயர்மறைமாவட்டத்தின் பெயர் மட்டுமே. கைதிகள் குற்றம் சாட்டிய 444 பேரின் பட்டியலைப் பின்னர், அதே ஆண்டில், தனியாக வெளியிட்டார்கள்.

ஆனால் தண்டனை? அங்கேதான் எல்லாம் முட்டி நின்றது. அதே 1979 சட்டத்தில், அரசியல் குற்றங்களோடு 'தொடர்புடைய குற்றங்கள்' என்றொரு சொல்லும் இருந்தது. சித்திரவதை செய்தவர்களும் அதற்குள் புகுந்துகொண்டார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றமும் அந்த விளக்கத்தை 7-க்கு 2 என்று ஏற்றது. என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத தீர்ப்பு இது.

யூதரான பத்திரிகையாளர் விளாதிமிர் ஹெர்சோக் வழக்கைப் பாருங்கள். 1975 அக்டோபர் 25 அன்று சாவோ பாவ்லோ ராணுவ விசாரணை மையத்தில் இறந்தார். தற்கொலை என்றது ராணுவம். யூத மரபில் தற்கொலை செய்துகொண்டவர்களைக் கல்லறையில் ஒதுக்குப்புறமாகப் புதைப்பார்கள். ரபி (யூத மதகுரு) ஹென்றி சோபெல், இது தற்கொலை அல்ல என்று அதற்கு ஒப்பவில்லை. மற்றவர்களோடே அடக்கம் செய்யச் சொன்னார். ஆறாம் நாள் ஆர்ன்ஸ், ரைட், சோபெல் மூவரும் சே பேராலயத்தில் சேர்ந்து நடத்திய வழிபாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கல்லறையில் ரபி சொன்னதை அரசு தன் ஏட்டில் ஏற்க 2013 வரை ஆனது. அந்த ஆண்டுதான் இறப்புச் சான்றிதழைத் திருத்தி, ராணுவ மையத்தில் பட்ட காயங்களால் இறந்தார் என்று எழுதினார்கள்.