சர்க்கரை உள்ளவர்களின் கண்: கேட்டவையும் சொன்னவையும்

காரைக்குடியில் விழித்திரை நோய்களைப் பார்க்கும் கண் மருத்துவர் நான். வந்த கேள்விகளைச் சுருக்கி, ஊர்ப் பெயரோடு போட்டிருக்கிறேன்.

பள்ளத்தூர்: ஆத்தாவுக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. பேப்பரெல்லாம் நன்றாகப் படிக்கிறார்கள். அப்புறமும் கண்ணைக் காட்ட வேண்டுமா?

கட்டாயம் காட்ட வேண்டும், இந்த மாதமே. சர்க்கரை முதலில் கெடுப்பது விழித்திரையில் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களை. குழாய்ச் சுவர் நொய்ந்து அங்கங்கே புடைக்கும். நீரும் கொழுப்பும் கசியும். கசிவு விழித்திரையின் நடுப்பகுதியைத் தொடாதவரை பார்வை குறையாது, வலியும் இருக்காது. நாளாக நாளாகச் சில குழாய்கள் அடைபடும். ரத்தம் கிடைக்காத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை மிக மெல்லியவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் பரவிவிடும். அதற்கு முந்தின நாள் வரைகூட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறோம். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும், அல்லது அதைப் படம் எடுக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்து அட்டையைப் படித்துவிட்டு வருவது இந்தப் பரிசோதனை ஆகாது.

கோட்டையூர்: இரண்டு மாதத்தில் கண்ணாடி பவர் இரண்டு தடவை மாறிவிட்டது.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் நீரளவும் மாறும். கூடவே பவரும் மாறும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரம் கழித்துப் புதுக் கண்ணாடி போடுங்கள். விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

தேவகோட்டை: லேசர் வைத்தும் போன பார்வை வரவில்லையே?

அண்ணே, லேசரின் வேலை இருக்கும் பார்வையைக் காப்பது. புதுக் குழாய்களைச் சுருங்க வைத்து, ரத்தக்கசிவைத் தடுக்கத்தான் அதை வைக்கிறோம். நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசிதான் முதலில். அதில் பலருக்குப் பார்வை ஓரளவு மேம்படும். ஒரு ஊசியோடு பெரும்பாலும் முடியாது, சொன்ன தேதிக்கெல்லாம் வர வேண்டும். பாதியில் நின்றவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கலங்குகிறது.

புதுவயல்: காலில் மரமரப்பு. பழனிக்கு நடக்கலாமா?

கால் என் துறை இல்லை. பாதத்தைச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள்.

கானாடுகாத்தான்: கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது, கண்ணுக்கும் நல்லது என்கிறார்களே?

தவிடு நீக்காத கவுனியில் வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்து அதிகம். ஆனாலும் அது அரிசிதான், மாவுச்சத்துதான். அதிலும் நம் வீடுகளில் அதைக் குழைய வேகவைத்து, சர்க்கரை, நெய், தேங்காய் சேர்த்துத்தானே கிண்டுகிறோம்?

கண்டனூர்: கவுனியைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஐயா தினம் சாப்பிட்டு, கடைசிவரை கண் தெளிவாக இருந்தார்.

ஐயாவுக்குச் சர்க்கரை இருந்ததா? இல்லையென்றால் இங்கே அவரை உதாரணமாக எடுக்க முடியாது.

ராயவரம்: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால்?

கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், நாட்டுச் சர்க்கரையும் ஏற்றும்.

கண்டனூர் (மறுபடியும்): அப்போ பாரம்பரிய உணவெல்லாம் விஷமா?

அப்படி நான் சொல்லவில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், கவுனி சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். அதில் வரும் எண்ணுக்கு மேல் நானும் வாதாட மாட்டேன், நீங்களும் வாதாட வேண்டாம். கவுனிக்காக இத்தனை பேர் வந்தீர்கள். ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் இவற்றோடுதான் விழித்திரையின் கதி பின்னிக்கிடக்கிறது.

ஆத்தங்குடி: பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும்...

பள்ளத்தூருக்குச் சொன்னதுதான்.

குன்றக்குடி: மங்கல் எதுவும் இல்லை. எதற்குப் பரிசோதனை?

மேலே எழுதியதைப் படியுங்கள். மங்கல் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

வலையபட்டி: நந்தியாவட்டைச் சாறு, தேன் விடலாமா?

கூடாது, ஆச்சி. விழித்திரை பின்னால் இருக்கிறது, அங்கே அது போய்ச் சேராது. முன்னால் இருக்கும் கருவிழியில் கிருமி தொற்றினால் புண் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஆறுவதும் சிரமம்.

கோனாபட்டு: மகள் 2 மாதம் முழுகாமல் இருக்கிறாள், முன்பே சர்க்கரை உண்டு.

முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கர்ப்பகாலத்தில் பாதிப்பு வேகமாகக் கூடலாம். இந்த வாரமே அழைத்து வாருங்கள்.

நாட்டரசன்கோட்டை: நேற்றிலிருந்து வலது கண்ணில் கறுப்பாக நூல் நூலாக மிதக்கிறது. வீட்டில் விசேஷம், திங்கட்கிழமை வரலாமா?

வேண்டாம், இன்றைக்கே வாருங்கள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், விழித்திரை கிழிந்தும் இருக்கலாம். கனமான எதையும் தூக்காதீர்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். வண்டியை நீங்கள் ஓட்டாமல் யாரையாவது கூட்டி வாருங்கள். சாப்பாடு, மாத்திரை, இன்சுலின் எல்லாம் வழக்கம்போல். முன்பு லேசர் வைத்திருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.