அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'ஜில்லா போர்டு ஹைஸ்கூல்' என்று இருக்கிறதே, அது என்ன போர்டு?

எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. தாத்தா படித்த பள்ளியை ஊரில் இன்னும் 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள். பரீட்சை நடத்துகிற போர்டு என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது நகராட்சிகளுக்கு வெளியே இருந்த கிராமப்புறத்தை ஆண்ட உள்ளாட்சி. சென்னை மாகாணத்தில் 1884ஆம் வருஷச் சட்டப்படி மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன் என்று மூன்று அடுக்கு. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்திரம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. நிலவரியோடு சேர்த்து வசூலித்த செஸ் என்ற கூடுதல் வரிதான் முக்கிய வருமானம்.

எங்கள் தஞ்சாவூர் போர்டு ரயிலே விட்டது! மிராசுதார்களிடம் ரயிலுக்கென்று தனியாக ஒரு செஸ் வாங்கி, மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டார்கள். 1894இல் வண்டி ஓடியது. 1903இல் பட்டுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி வரை போய்விட்டது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, சொத்து போர்டுடையது. இன்றைக்கு ஒரு மாவட்ட ஊராட்சி ரயில் பாதை போடுவதை நினைத்துப் பாருங்கள்.

அதற்காக அது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு, ஆகவே பெரிய பண்ணைக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். ஆனாலும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்து நல்லதும் நடந்தது. நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் 1920களில் தஞ்சை போர்டு தலைவர். மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் அப்போது போர்டு நிர்வாகத்தில் இருந்தன. அந்தச் சத்திர வருமானத்தில் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் விடுதி, சாப்பாடு கிடைக்க வழி செய்தார். சமஸ்கிருதம் மட்டுமே இருந்த திருவையாறு கல்லூரியில் தமிழும் நுழைந்தது.

சரி, போர்டு எங்கே போனது? தாலுகா போர்டுகளை 1930களிலேயே எடுத்துவிட்டார்கள். 1958ஆம் வருஷப் பஞ்சாயத்துச் சட்டத்தை ஒட்டி ஜில்லா போர்டுகளும் போய், பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. தொடக்கப் பள்ளிகள் யூனியனுக்கு, ஹைஸ்கூல்கள் அரசுக்கு. உங்கள் அப்பா படித்தது இப்போது அநேகமாக 'அரசு மேல்நிலைப்பள்ளி' என்ற பெயரில் இருக்கும். பழைய கட்டடம் நிற்கிறதா பாருங்கள், வாசலில் கல்வெட்டு இருந்தாலும் இருக்கும்.