பழைய பிக்கப்பில் ஹீட்டர் சுடவில்லையா? ஹீட்டர் கோரைக் கழற்றும் முன் ஹோஸையும் வால்வையும் பாருங்கள்

கேள்வி: கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1993 டொயோட்டா பிக்கப், 22ஆர்ஈ எஞ்சின். ஹீட்டரில் வெதுவெதுப்பாகத்தான் காற்று வருகிறது. கடுங்குளிர் இரவுக்குப் பிறகு வண்டிக்கு அடியில் சில சொட்டு கூலன்ட் கிடக்கிறது. எஞ்சின் சூடானதும் ஒழுகுவது நின்றுவிடுகிறது. மெக்கானிக் ஹீட்டர் கோரை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோர் என்பது சூடான கூலன்ட் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர். அது ஒழுகினால் கேபினுக்குள் இனிப்பு வாடை அடிக்கும், முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கு போலப் படியும், பக்கத்து சீட்டின் கால்மிதி நனையும். இதில் எதையும் நீங்கள் சொல்லவில்லை. குளிரில் ஒழுகி, சூட்டில் நிற்கும் கசிவு என்றால் முதலில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழைய ரப்பர் அழுந்திய வடிவிலேயே இறுகிப்போகிறது. குளிரில் அது இன்னும் சுருங்கும்போது, ஸ்க்ரூ கிளாம்ப் கூடவே இறுகிக்கொடுக்காது. ஸ்பிரிங் கிளாம்ப் அதைச் செய்யும்; ஹீட்டர் லைனுக்கு அதுதான் பொருத்தம்.

வெப்பக் குறைவுக்கு இன்னொரு சோதனை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரட்டும், ஹீட்டர் லீவர் ஹாட்டில் இருக்கட்டும். ஃபயர்வாலுக்குள் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர்) போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள் (ஃபேனும் பெல்ட்டும் ஓடுகின்றன, சட்டைக்கை ஜாக்கிரதை). இரண்டும் கொதித்தால் கூலன்ட் பக்கம் சரி. குறை டாஷ்போர்டுக்குள், காற்றைத் திருப்பும் கதவில். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்து, டெம்பரேச்சர் முள்ளும் வழக்கத்துக்குக் கீழே நின்றால், சூடேறிய பிறகே திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது கூலன்ட் குறைந்திருக்கும். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் கோருக்குப் போகும் கூலன்ட்டைத் திறந்து மூடும் வால்வில் கோளாறு, அல்லது கோர் அடைப்பு.

அந்த இரண்டில் எது என்று பிரிக்க, எஞ்சின் ஆறியபின் லீவரிலிருந்து வரும் கேபிளை வால்வின் கைப்பிடியிலிருந்து கழற்றிவிட்டு, வால்வைக் கையால் முழுக்கத் திறந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பாதி நேரம் வால்வு நன்றாகவே இருக்கும். கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளிப் நழுவி, லீவர் ஹாட்டுக்குப் போனாலும் வால்வு பாதிதான் திறந்திருக்கும். அப்படியானால் லீவரை ஹாட்டில் வைத்து, வால்வை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு கிளிப்பை மாட்டினால் வேலை முடிந்தது. கையால் திறந்தும் சூடு வராவிட்டால், வால்வைக் கழற்றி அந்த இடத்தில் 16 மில்லிமீட்டர் நேர் இணைப்பு ஒன்றைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சூடு வந்தால் வால்வு போயிற்று. தண்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். புதியதில் அம்புக்குறி இருந்தால் ஓட்டத் திசை பார்த்துப் பொருத்துங்கள்.

ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே வெடித்திருக்கும். கூலன்ட்டும் உலோகமும் சேர்ந்து நடத்தும் மின்வேதி அரிப்பு ரப்பரை உள்ளிருந்து கீறுகிறது. பெரும்பாலும் கிளாம்பிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள். ஆறிய ஹோஸை நடுவிலும் முனையிலும் விரலால் அமுக்கிப் பாருங்கள். முனை மட்டும் கொழகொழவென்றிருந்தால் ஆயுள் முடிந்தது. ஒன்று போனால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், வயது ஒன்றுதானே. சாலையில் தூவும் உப்பு தின்னும் இரும்புக் குழாய்களையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கழற்றும்போதுதான் நல்ல கோர் கெடுகிறது. ஒட்டிக்கிடக்கும் ஹோஸைத் திருகி இழுத்தால் கோரின் மெல்லிய குழாய் நசுங்கும், அல்லது ஈயப்பற்று விடும். ஹோஸைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். குழாயை நைஸ் எமரி தாளால் துடைத்து, புதிய ஹோஸின் உள்ளே கொஞ்சம் கூலன்ட் தடவி ஏற்றுங்கள். கிரீஸோ எண்ணெயோ ரப்பரை ஊதவைக்கும். கிளாம்ப், குழாயின் புடைப்பு வளையத்தைத் தாண்டி உட்கார வேண்டும்.

ஹோஸ்கள் கழன்றிருக்கும்போதே கோரை வெளிவாய் வழியாகத் தோட்டக் குழாயால் பின்னோக்கிக் கழுவுங்கள். குழாயை முழுக்கத் திறக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியே சுமார் 13 பிஎஸ்ஐக்குத்தான், வீட்டுக் குழாயின் அழுத்தம் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். கசிவை அடைக்கும் பொடி போட வேண்டாம். அது முதலில் அடைப்பது ஹீட்டர் கோரைத்தான்.

நிரப்பும்போது பலர் தவறும் கணக்கு ஒன்று உண்டு. எஞ்சினையும் தண்ணீரால் கழுவியிருந்தால், அதில் கொஞ்சம் எஞ்சின் பிளாக்கில் தங்கிவிடும். அதன்மேல் ஏற்கெனவே கலந்த கூலன்ட் ஊற்றினால் நீர்த்துப்போகும். 22ஆர்ஈக்கு மொத்தம் சுமார் எட்டரை லிட்டர். கலக்காத கூலன்ட் நாலேகால் லிட்டரை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். பாதிக்குப் பாதி கலவை சுமார் −37 டிகிரி வரை உறையாது. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால், தண்ணீரே சேர்க்காவிட்டால், −13 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால், தாராளமாக ஊற்றுவதில் லாபமில்லை.

காற்று வெளியேற வண்டியின் மூக்கு மேடாக நிற்க வேண்டும். மூடி திறந்து, லீவர் ஹாட்டில் இருக்க, ஐடிலில் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது ஊற்றி நிரப்பி மூடுங்கள். சூடான எஞ்சினில் மூடியை மறுபடி திறக்க வேண்டாம். மறுநாள் காலை, ஆறியபின், மட்டத்தை மீண்டும் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள்.

பழைய கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். மூடிய கேனில் பிடித்து நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். கோடையிலும் மாதம் ஒருமுறை ஹீட்டர் லீவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தள்ளிவிடுங்கள். அசையாமல் கிடக்கும் வால்வுதான் இறுகிக்கொள்கிறது.