பல் இன்சூரன்ஸ் இருந்தும் கைக்காசு ஏன் போகுது? வாசகர் கேள்வி பதில்

அக்கா, ஆபீஸ்ல பல் இன்சூரன்ஸ் குடுத்திருக்காங்க. கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டேன், 80 சதவீதம் கவர் ஆகும்னு நம்பித்தான் போனேன், ஆனா பாதிக்கு மேல நானே கட்ட வேண்டியதாப் போச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தலப்பா, ஆனா உங்ககிட்ட யாரும் உட்கார்ந்து விளக்கமா சொல்லல, அதுதான் எனக்கு வருத்தம். நான் ஒரு பல் கிளினிக்ல இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருக்கேன், வாரத்துக்கு ரெண்டு பேராவது இதே முகத்தோட வந்து நிப்பாங்க. நிறைய பிளான்ல 100-80-50னு ஒரு கணக்கு இருக்கு. செக்கப், க்ளீனிங், எக்ஸ்ரே இதுக்கெல்லாம் 100 சதவீதம், சொத்தை அடைக்கிறது, சாதாரணமா பல் எடுக்கிறது இதுக்கு 80, கேப், பிரிட்ஜ் (பக்கத்துப் பல்லைப் பிடிமானமா வச்சு இல்லாத பல்லுக்குப் போடுறது), கட்டுப் பல் மாதிரி பெரிய வேலைக்கு 50. ரூட் கேனாலை சில பிளான் 80ல வைக்கும், சிலது 50ல தள்ளிடும், அதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். நீங்க கேள்விப்பட்ட 80 அடைக்கிறதுக்கு உண்டானதா இருந்திருக்கும், கேப்புக்கு இல்ல.

இதோட இன்னும் ரெண்டு விஷயம் சேருது. ஒண்ணு டிடக்டிபிள், அதாவது அவங்க குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாம கட்ட வேண்டிய பங்கு. இன்னொண்ணு வருஷ லிமிட், அதாவது ஒரு வருஷத்துல அவங்க மொத்தமா இவ்வளவுதான் தருவாங்கங்கிற உச்சவரம்பு. உங்க கேப் பில்லை 100 பங்குன்னு வச்சுக்கோங்க, டிடக்டிபிள் 5 போனா மிச்சம் 95, அதுல பாதி 47.5 அவங்க தரணும், ஆனா ஏற்கனவே அந்த வருஷம் வேற வேலை பண்ணி லிமிட்ல 30தான் மிச்சம் இருந்தா 30 மட்டும்தான் வரும், மீதி 70 உங்க தலையில. ஆஸ்பத்திரி பாலிசி மாதிரி பெரிய செலவு வந்தா கைகுடுக்கும்னு நினைச்சு வாங்குறோம், பல் பிளான் அப்படி இல்ல, சின்ன வேலைக்குத் தாராளமாக் குடுக்கும், பெரிய வேலைக்குக் கையை இறுக்கிக்கும். அதனால சொத்தை புள்ளியா இருக்கும்போதே அடைச்சிட்டா பல்லும் மிச்சம், லிமிட்டும் மிச்சம்.

அடுத்த தடவை பெரிய வேலைன்னா நாற்காலியில சாயுறதுக்கு முன்னாடியே கிளினிக்ல ப்ரீ-எஸ்டிமேட் அனுப்பச் சொல்லுங்க. எக்ஸ்ரேவோட இன்சூரன்ஸுக்கு அனுப்பினா எவ்வளவு தருவோம்னு எழுத்துல வரும். அது உறுதிமொழி கிடையாது, நடுவுல லிமிட் தீர்ந்துட்டா மாறும், ஆனா திடீர்னு தலையில இடி விழாது.

வருஷக் கடைசி வந்திருச்சு, லிமிட்ல பாதி மிச்சம் இருக்கு. அடுத்த வருஷத்துக்குச் சேருமா? ரூட் கேனால் இப்போ, கேப் அடுத்த வருஷம்னு பிரிச்சுக்கலாமா?

பெரும்பாலும் சேராது, அந்த வருஷத்தோட போயிடும். ஒரு சில பிளான்ல மட்டும் கொஞ்சம் அடுத்த வருஷத்துக்குப் போகும், அதுக்கும் அந்த வருஷம் ஒரு செக்கப்பாவது பண்ணியிருக்கணும்னு கண்டிஷன் வைப்பாங்க. முதல்ல உங்க பிளான் வருஷம் எப்போ முடியுதுன்னு பாருங்க, எல்லாருக்கும் டிசம்பர்ல முடியாது, ஆபீஸ் பிளான்னா நடுவுலயும் முடியலாம்.

பிரிக்கிறது நல்ல வழிதான், ரெண்டு வருஷ லிமிட்டும் உதவும். ஆனா ரூட் கேனால் பண்ணின கடைவாய்ப் பல்லை ரொம்ப நாள் கேப் இல்லாம விடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். உள்ள குடைஞ்சு எடுத்த பல், சுவர் மெலிஞ்சு போயிருக்கும், மேல தற்காலிக அடைப்புதான் இருக்கும். ஒருத்தர் லிமிட்டுக்காக நாலு மாசம் தள்ளிப் போட்டு வந்தார், கடிக்கும்போது டக்குனு ஒரு சத்தம் கேட்டதாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா விரிசல் வேர் வரைக்கும் இறங்கிருச்சு, அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாப் போச்சு. சில வாரம் தள்ளுறதுன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க, மாசக்கணக்கா வேண்டாம். இன்னொண்ணு, கேப்புக்கு சில பிளான் பல்லை அரைச்ச தேதியைக் கணக்கு வைக்கும், சிலது கேப்பை ஒட்டின தேதியை வைக்கும், இது தெரியாம பிரிச்சா ரெண்டும் பழைய வருஷத்துலயே விழுந்துடும்.

வருஷத்துக்கு 2 க்ளீனிங் ஃப்ரீன்னு சொன்னாங்க, ரெண்டாவதுக்கு க்ளைம் ரிஜெக்ட் ஆயிடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?

உங்க மேல தப்பே இல்லம்மா. "வருஷத்துக்கு 2 தடவை"ங்கிறதும் "6 மாசத்துக்கு ஒரு தடவை"ங்கிறதும் கேக்க ஒண்ணு மாதிரி இருக்கும், ஆனா வேற வேற. ரெண்டாவது மாதிரி பிளான்னா மார்ச் 10ஆம் தேதி க்ளீனிங் பண்ணிட்டு செப்டம்பர் 8ல போனா ரிஜெக்ட், செப்டம்பர் 11ன்னா பாஸ். மூணு நாள் வித்தியாசம் அவ்வளவுதான். அப்பாயின்ட்மென்ட் வைக்கும்போதே போன தேதியைச் சொல்லிக் கேளுங்க.

ஈறு வியாதி இருந்து ஆழமா க்ளீன் பண்ணினாங்கன்னா அது ஃப்ரீ க்ளீனிங்ல வராது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல பள்ளம் 4 மில்லிமீட்டர் அல்லது அதுக்கு மேலன்னு அளந்த சார்ட், எக்ஸ்ரே ரெண்டும் கேப்பாங்க, இல்லாம அனுப்பினா திரும்பி வந்துடும்.

பல் வெள்ளையாக்குறதுக்கு கிடைக்குமா?

பொதுவா கிடைக்காது. அழகுக்குன்னு பண்றது எதுவும் கவர்ல வராது.

மூணு வருஷம் முன்னாடி எடுத்த பல்லுக்கு இம்ப்ளான்ட் (தாடை எலும்புல பதிக்கிற செயற்கைப் பல்) வைக்கலாம்னு புதுசா பிளான் வாங்கினேன், முடியாதுங்கிறாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், மனசு கஷ்டமா இருக்கு. பிளான்ல சேருறதுக்கு முன்னாடியே இல்லாத பல்லுக்குத் தரமாட்டோம்னு நிறைய பாலிசியில ஒரு வரி இருக்கும், எல்லாத்துலயும் இல்ல. அது இல்லாட்டியும் பெரிய வேலைக்கு 6 மாசம், 12 மாசம்னு வெயிட்டிங் பீரியட், அதாவது சேர்ந்த பிறகு காத்திருக்க வேண்டிய காலம் இருக்கலாம், இம்ப்ளான்ட்டே கவர் பண்ணாத பிளானும் இருக்கு. பழைய பிளான் விட்டுப் போகாம மாறியிருந்தீங்கன்னா அதுக்கான பேப்பரைக் காட்டுங்க, சில கம்பெனி வெயிட்டிங் பீரியடைத் தள்ளுபடி பண்ணும். இம்ப்ளான்ட்டுக்கு இல்லன்னா பிரிட்ஜுக்கோ கட்டுப் பல்லுக்கோ ஏதாவது தருவாங்களான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.

அம்மாவுக்கு இன்சூரன்ஸ்ல இருந்து ஒரு பேப்பர் வந்துச்சு, பெரிய தொகை போட்டிருக்கு, பயந்துட்டாங்க. கேப்பையும் "அவசியமில்லை"ன்னு நிராகரிச்சிருக்காங்க.

முதல்ல அம்மாவை பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க, அது பில் இல்ல. கிளினிக் எவ்வளவு கேட்டுச்சு, கம்பெனி எவ்வளவு ஒத்துக்கிச்சு, நீங்க எவ்வளவு தரணும்னு காட்டுற கணக்குச் சீட்டு அது. கிளினிக் அவங்க நெட்வொர்க்ல, அதாவது கம்பெனியோட ஒப்பந்தம் போட்ட கிளினிக் பட்டியல்ல இருந்தா முதல் ரெண்டு தொகைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை உங்ககிட்ட வாங்கக் கூடாது, அந்த வரியை கிளினிக் பில்லோட வச்சுப் பாருங்க. அதைப் பார்க்காம முழுசா கட்டிட்டு வர்றவங்க நிறைய.

நிராகரிப்பை அப்படியே விட்டுடாதீங்க. எக்ஸ்ரேல மட்டும் பார்த்தா பல்லுல விரிசல் பல சமயம் தெரியாது, அதைப் பார்த்துட்டு வேண்டாம்னு எழுதியிருப்பாங்க. அரைக்கிறதுக்கு முன்னாடி வாய்க்குள்ள எடுத்த போட்டோ இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, எவ்வளவு பல் உடைஞ்சிருந்தது, ஏன் வெறும் அடைப்பு நிக்காதுன்னு நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்க, அதோட சேர்த்து அப்பீல் போடுங்க. இப்படி அனுப்பி பாஸ் ஆன க்ளைம்களை என் கையாலயே பார்த்திருக்கேன். அப்பீலுக்குக் கடைசி தேதி அந்த லெட்டர்லயே எங்காவது இருக்கும், பெரும்பாலும் பின்பக்கம் சின்ன எழுத்துல, இன்னைக்கு ராத்திரியே அதை எடுத்துப் பாருங்க.