'இயங்கியல்' என்றால் பட்டிமன்றமா?

கேள்வி: டிவி விவாதங்களில் ஆளாளுக்கு 'இயங்கியல் ரீதியாகப் பார்த்தால்' என்கிறார்களே, அப்படியென்றால் என்ன? பட்டிமன்றம் மாதிரிதானா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இல்லை. பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னதும் இரண்டு அணியும் ஒன்றாகச் சாப்பிடப் போய்விடும். பழைய கிரேக்கத்தில் இயங்கியல் என்பது உரையாடும் கலை. சாக்ரடீஸ் கேள்வி கேட்டுக் கேட்டே எதிராளியின் பேச்சிலுள்ள முரணை வெளியே இழுப்பார். வரலாற்றை நகர்த்துவதே முரண்தான் என்றார் ஜெர்மன் தத்துவவாதி ஹெகல். மார்க்ஸ் அதைக் கருத்துலகிலிருந்து ஆலைக்கும் கூலிக்கும் இறக்கினார்.

உங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது, புதுச்சேரி. ஆலை ஓட தொழிலாளி வேண்டும், ஆனால் அவனை எவ்வளவு கசக்குகிறார்களோ அவ்வளவு சீக்கிரம் அவன் சங்கமாகத் திரள்வான். 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அடக்கத்தான் சுட்டார்கள், ஆனால் மறு வருடமே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. எதிரெதிரான இரண்டும் ஒன்றையொன்று மாற்றி, இரண்டுமே பழையபடி இல்லாமல் போவது, அதுதான் விஷயம்.

டிவிக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இதில்லை. கூட்டணி மாறியவரைக் காப்பாற்ற 'இது இயங்கியல்' என்பார்கள். அடுத்த முறை யாராவது சொன்னால், எந்த முரண், அது எதை மாற்றியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விளம்பர இடைவேளை வந்துவிடும்.